என் பேர் வெட்டிய செப்புக்குடம்

என் பேர் வெட்டிய செப்புக்குடத்தில் ஓட்டை போட்டது 1936-ஆம் வருஷம், பங்குனி மாதம். வருஷத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தத் தை மாதம்தான் சீமையில் ராஜா இறந்துபோனார் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அதற்கு முந்தின கோடையில் அதே ராஜாவின் வெள்ளிவிழா என்று ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்திருந்தார்கள். மிட்டாய் கொடுத்த ராஜா செத்துப்போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது. அது தீருவதற்குள் இது நடந்தது. என் தம்பி இன்றைக்கும் இது 1937 என்று சாதிக்கிறான். அவன் அப்போது தொட்டிலில் கிடந்தவன். தவிரவும், குடம் அவனுடையது அல்ல.

குடத்தை வாங்கி வந்தவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் அவருக்குக் காடு கரை இருந்தது. ஒவ்வொரு தைக்கும் மகளுக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவார்: கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு சேலை. அந்த வருஷம் வழியில் மதுரையில் வண்டியை நிறுத்தி, பாத்திரக் கடையில் ஒரு செப்புக்குடமும் எடுத்து, அதில் என் பேரையும் வெட்டிக்கொண்டு கோச்சடைக்கு வந்து சேர்ந்தார். பேர் வெட்டுகிற ஆள் கடை வாசலில் உட்கார்ந்து, சின்ன உளியைத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவான். எங்கள் குடத்தில் அவன் ஒரு ‘ம்’மை விழுங்கிவிட்டான். ‘கோச்சடை பேச்சியமாள்’ என்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நான்தான். மற்றவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை.

“பேத்தி கல்யாணச் சீருக்கு மொதப் பாத்திரம்” என்று தாத்தா சொன்னார். கல்யாணம், சீர் எல்லாம் என் காதில் ஏறவில்லை. ஏறியது ஒன்றே ஒன்று: அது என்னுடையது. அந்த வீட்டில் நான் சாப்பிட்ட தட்டு அப்பாவின் தங்கையுடையது. படுத்த பாய் பொதுப் பாய். பாவாடை பெரியம்மா மகள் போட்டுக் கழித்தது. உலகத்தில் என் பேர் எழுதின பொருள் அது ஒன்றுதான்; ஒரு எழுத்துக் குறைந்தாலும் அது என் பேர்தான். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டு நானே தேய்த்து, எழுத்துப் புள்ளிகளுக்குள் அழுக்கு நிற்காமல் ஈர்க்குச்சியால் குத்தி எடுப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

இனி சின்ன மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் கடைசித் தம்பி. மதுரையில் காலேஜில் இண்டர்மீடியட் படித்தார். கொட்டாம்பட்டியிலிருந்து தினம் வந்து போக முடியாது என்பதால் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். எந்நேரமும் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மாட்டி, மிச்சமாக ஒரு சக்கரத்தை அப்பா கையிலேயே கொடுத்தவர். “இது இல்லாமலே ஓடுது மச்சான், கம்பெனிக்காரன் சும்மா போட்டிருக்கான்” என்றார். கடிகாரம் சாயங்காலம் வரை ஓடியது.

என்னைக் கண்டால் “என்ன பொண்டாட்டி, சோறு ஆச்சா?” என்பார். முறைமாமன் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நானும் “ஆகல, போடா புருசா” என்பேன். வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக யாராவது அம்மாவின் கதையை எடுப்பார்கள். அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இடுப்பில் சேலை நிற்காதாம். சேலைக்கு மேலே மாட்டுக் கயிறு ஒன்றைச் சுற்றிக் கட்டித்தான் மணவறையில் உட்கார வைத்தார்களாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி மட்டும் யாரும் கதை சொல்லிச் சிரித்ததில்லை. அவை இரண்டும் வாய்க்கால் கரையில் புங்கமரத்துக்குக் கீழே இருந்தன. அம்மா அந்த வழியாகத் தண்ணீருக்குப் போக மாட்டாள், சுற்றித்தான் போவாள்.

அந்தப் பங்குனியில் மல்லிகை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன பூவை வாங்க ஆளில்லாமல் வைகை மணலில் கொட்டிவிட்டு வந்தார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். சின்ன மாமா ஆற்று மணலில் குவிந்து கிடந்த பூவைப் பார்த்துவிட்டு வந்தவர், அன்று சாப்பிடவில்லை. மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் படம் போட ஆரம்பித்தார். ஒரு பானை, அதன் தோளிலிருந்து ஒரு குழாய், குழாய் சுருண்டு சுருண்டு ஒரு தொட்டிக்குள் இறங்கி வெளியே வர, அங்கே ஒரு பாட்டில்.

“வாடுற பூவை எதுக்கு மச்சான் விக்கணும்? அதுல இருக்கிற எண்ணெயை எடுத்திட்டா, அது பாட்டுக்குப் பாட்டில்ல கிடக்கும். சீமைக்காரன் அம்புட்டுப் பேரும் அப்படித்தான் செய்யிறான். ஒரு சொட்டு இருந்தாப் போதும், ஒரு கல்யாண வீடே மணக்கும்.”

“மொதல்ல நீ பரீட்சையில பாஸ் பண்ணு மாப்ள, பெறகு மணக்கலாம்” என்றார் அப்பா.

பூவோடு தண்ணீரைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் ஆவியோடு பூவின் எண்ணெயும் கிளம்பும். ஆவியைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்க் குளிர வைத்தால் இரண்டும் திரும்பத் திரவமாகும். தண்ணீர் கீழே நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்குச் செம்புப் பாத்திரம் வேண்டுமாம். மண்பானை எண்ணெயைக் குடித்துவிடுமாம். தவலை ஆகாது, வாய் அகலம், ஆவி ஒழுகும். குறுகின வாய் உள்ள குடம்தான் வேண்டும். வாயில் ஒரு செம்பைக் கவிழ்த்து, சுற்றிலும் துணியும் களிமண்ணும் வைத்துப் பூசிவிட்டால் அடைப்பு சரியாக இருக்கும். குழாய்க்கு மட்டும் தோளில் ஒரு ஓட்டை.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா என் குடத்தைக் கழுவித் துடைத்துச் சின்ன மாமா கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அது என் குடம்” என்றேன்.

“உன் குடம்னா எங் குடந்தான?” என்றார் மாமா. “நாளைக்கு நீ எங்க வீட்டுக்கு வரப்போறவ. குடமும் உன்கூடத்தான வரப்போவுது? ஒரு ரெண்டு வருசம் முன்னாடி எடுத்துக்கிறேன், அம்புட்டுத்தான்.”

இந்த நியாயத்தை நான் இத்தனை வருஷமாக எத்தனையோ விதத்தில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணின் பொருளை எடுத்துக்கொள்வதற்கு இதைவிட வசதியான நியாயத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவள் எனக்குத்தான் வரப்போகிறாள், ஆகவே அவளுடையது இப்போதே என்னுடையது. அவள் வருவாளா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடத்தைத் திருப்பிக் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லியிருப்பேனா, அதுவும் தெரியாது.

நான் தரையில் விழுந்து புரண்டேன். பரணில் இன்னொரு செப்புக்குடம் இருந்தது. ஒரு பக்கம் நசுங்கினது, ஆனால் ஒழுகாது, யார் பேரும் இல்லாதது. அதைச் சொல்லித்தான் அழுதேன். “பரணில இருக்கிற குடத்தைக் குடுத்தா என்ன? பரணில இருக்கிறதைக் குடுத்தா என்ன?” மாமாகூட ஒரு நிமிஷம் யோசித்து, “அதுவும் ஆகும்க்கா” என்றார்.

“அது நசுங்கினது. நல்லதாப் பாத்து எடுத்துட்டுப் போ தம்பி” என்றாள் அம்மா. அவ்வளவுதான். என்னைத் தூக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

மதுரையில் பாத்திரம் அடிக்கிறவரிடம் கொண்டுபோய் மாமா ஓட்டை போட்டுக் குழாயும் பற்றவைத்துக்கொண்டு வந்தார். குழாயை வளைப்பதற்கு அவர் செய்த வேலையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழாய்க்குள் ஆற்று மணலை நெரித்து அடைத்து, இரண்டு முனையையும் மரக்கட்டையால் இறுக்கி, உலக்கையைச் சுற்றி மெல்ல மெல்ல வளைத்தார். மணல் இருந்ததால் குழாய் எங்கும் நசுங்கவில்லை. பிறகு மணலைக் கொட்டிவிட்டு, சுருளை மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற கல்தொட்டிக்குள் இறக்கினார். எங்கள் காளை வந்து தொட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. என் பக்கம் இருந்தது அது ஒன்றுதான்.

முதல் நாள் மல்லிகை. மதுரைப் பக்கத்தில் பிறந்தவன் வேறு எந்தப் பூவிலிருந்து ஆரம்பிப்பான்? ஒரு கூடைப் பூவைக் குடத்துக்குள் திணித்து, தண்ணீர் ஊற்றி, வாயை அடைத்துப் பூசி, அடுப்பை மூட்டினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி முதல் சொட்டைத் தடவிக்கொள்ளத் தலைமுடியையே அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள். பாட்டிலில் தண்ணீர் சொட்டியது. மாமா முகர்ந்தார். பாட்டிலை அடுத்தவரிடம் நீட்டினார்.

“ஏ மாப்ள, என்ன, அரைக்கீரை வேகுதா?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

அது உண்மைதான். வெந்த கீரைத் தண்ணீர் வாசம். மல்லிகை நெருப்பைப் பொறுக்காத பூ. சுட்டால் வாசம் செத்துவிடும். வேறு வழியில்தான் அதன் மணத்தைப் பிடிக்க வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். சின்ன மாமா பார்த்துச் செய்த காலேஜ் புத்தகத்தில் அது இல்லை. அல்லது இருந்தும், மதுரை மல்லிகையைப் பற்றியா இப்படி எழுதியிருப்பான் என்று நம்பாமல் விட்டிருப்பார். விடாமல் மூன்று கூடை மல்லிகையை அவித்தார். என் குடம் உள்ளே பழுப்பேறி, அடி கருத்து, என் பேர்மேல் புகை படிந்து, ‘பேச்சியமாள்’ என்பதில் ‘பேச்சி’ மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வழி சொன்னது அம்மா. கையில் மாவோடு கொட்டகைக்கு வந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தவள், “தண்ணிக்குள்ள போட்டா வேகத்தான் செய்யும். கொழுக்கட்டைய யாராச்சும் தண்ணிக்குள்ள போடுறாங்களா? அடியில வைக்கல் போட்டு, மேல வையி. ஆவி மட்டும் படட்டும்” என்றாள். போகும்போது, “மல்லி வேண்டாம். மரிக்கொழுந்து காஞ்சாலும் மணக்கும். அதுக்குத்தான் உசிர் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மரிக்கொழுந்துக் கட்டுகளை ஒரு நாள் நிழலில் வாட்டி, வைக்கோலுக்கு மேலே அடைத்து, மாமா மறுபடியும் அடுப்பை மூட்டினார். பாட்டிலில் தண்ணீர் நிறையத் தொடங்கியதும் அதன் மேல் மஞ்சளாக ஒரு மெல்லிய வளையம் நின்றது. மாமா ஒரு துரும்பை அதில் தொட்டு என் புறங்கையில் வைத்தார். நான் கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அதற்குள் வாசம் வந்துவிட்டது. தோட்டத்தில் இருக்கிற மரிக்கொழுந்து அல்ல அது. தோட்டம் முழுவதையும் ஒரு கடுகுக்குள் மடக்கி வைத்த மாதிரி. அவ்வளவு நல்ல வாசம் என் குடத்தைப் பாழாக்கித்தான் வர வேண்டுமா என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. இரண்டு நாள் அந்தக் கையை நான் கழுவவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு சொல்லில் கெட்டது காரியம். எங்கள் பக்கத்தில் எண்ணெய் காய்ச்சலாம், பால் காய்ச்சலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வெறுமே ‘காய்ச்சுறேன்’ என்று ஒருவன் சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அப்போது மதுவிலக்கு வரவில்லை. ஏலம் எடுத்த கடையில் சாராயம் விற்கலாம், குடிக்கலாம். வீட்டில் காய்ச்சினால்தான் குற்றம். காலேஜில் படித்த சின்ன மாமா, முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில், நாலு பேர் நடுவில், சந்தோஷம் தாங்காமல் சொல்லியிருக்கிறார்: “மச்சான் வீட்டுல காய்ச்சுறேன்ணே. நேத்துத்தான் மொத சொட்டு விழுந்துச்சு. என்னா வாசம்! வந்து மோந்து பாருங்க.”

வந்தார்கள். கிராம முன்சீப்பும் தலையாரியும் பின்னால் பாதித் தெருவும். அப்பா வயலில் இருந்தார். ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். கொட்டகையில் அடுப்பு, குடம், குழாய், தொட்டி, பாட்டில் எல்லாம் சுவரில் போட்டிருந்த படத்தில் இருந்தபடியே நின்றன. முன்சீப் துண்டால் குடத்தைத் துடைத்து, குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“கோச்சடை பேச்சியமாள். யாருய்யா இது?”

“என் மகதாங்க” என்றார் அப்பா.

“வயசு?”

“ஒம்பது முடியப் போவுது.”

“ஒம்பது வயசுப் பிள்ளை பேர்ல சாராயம் காய்ச்சுறீங்களா? நல்லா இருக்கீங்கய்யா!”

“சாராயம் இல்லிங்க, தைலம்” என்று மாமா பாட்டிலை நீட்டினார். முன்சீப் விரலை விட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தே கேஸை அங்கேயே தள்ளுபடி செய்திருக்கலாம். ஆனால் தலையாரி, “ஒரு வாயி நானும் பாத்திர்றேன்யா, எனக்குப் பழக்கம்” என்றான். அவன் துப்பியும் தீர்ப்பாகவில்லை. குடத்தைக் குழாயோடு சாவடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஊரில் இந்த விஷயத்தில் அனுபவமுள்ள அத்தனை பேரும் வரிசையாக வந்து, முகர்ந்து, ருசி பார்த்து, இது சாராயமில்லை என்று ஏகமனதாகச் சொன்னபோது பாட்டில் காலியாகியிருந்தது. ஒரு மரிக்கொழுந்துத் தோட்டத்தின் சாரம் கோச்சடைக் குடிகாரர்களின் நாக்கில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர்கள் எல்லாரும் பூக்காரிகள் மாதிரி மணத்துக்கொண்டு திரிந்தார்கள்.

வந்த ஒவ்வொருவனும் என் பேரைச் சத்தமாக வாசித்தான். அதுவும் தப்பாக. மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் ‘சாராயப் பேச்சி’ ஆகிவிட்டேன். குற்றம் செய்தவர் மாமா, இடம் கொடுத்தவர் அப்பா, குடத்தைக் கொடுத்தவள் அம்மா. பட்டம் மட்டும் எனக்கு. அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

குடம் வீட்டுக்குத் திரும்பியதும் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். குழாயை எடுத்துவிட்டு ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, உள்ளும் புறமும் தேய்த்தால் பழையபடி ஆகிவிடும் என்று அவரும் சொன்னார். மதுரைக்குப் போகும்போது கொண்டுபோகிறேன் என்றார். இரண்டு முறை வண்டி கட்டினார். இரண்டு முறையும் கேட்டபோது, குடத்தில் நெல் கிடக்கிறது, குடத்தில் புளி கிடக்கிறது என்றாள் அம்மா. ஓட்டைக் குடத்தில் யார் நெல் போட்டு வைப்பார்கள்?

சித்திரை பிறந்ததும் தாத்தா வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, எனக்கு ஒரு சிவப்புப் பட்டுப் பாவாடை. வழியிலேயே யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். உள்ளே வந்ததும் முதலில் மகனைத்தான் தேடினார்.

“எங்கடா அந்தச் சாராய வியாபாரி?”

“தைலம்ய்யா” என்றார் சின்ன மாமா தூணுக்குப் பின்னால் இருந்து.

“தைலமோ கியிலமோ, வைகாசியில உனக்குக் கால்கட்டுப் போட்டாத்தான் சரிப்படுவ.” பிறகு அப்பாவிடம் திரும்பி, “பேசினபடியே வச்சுக்கிருவோம் மாப்ள. பொண்ணுக்குப் பதினாலு ஆகணும்னு சர்க்காரு சட்டம் போட்டிருக்கான், இங்க வச்சா எவனாச்சும் பெட்டிஷன் எழுதுவான். ராத்திரியோட ராத்திரியா புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி முடிச்சிட்டு வந்திருவோம். அங்க கேக்க நாதியில்ல” என்றார்.

அப்பா தலையாட்டினார். நானும் உள்ளே துள்ளினேன். புதுக்கோட்டை என்றால் எனக்குத் தெரியும். நாகமலைக்கு அடியில் இருக்கிற புதுக்கோட்டை. என் சிநேகிதியின் அம்மாச்சி வீடு அங்கேதான். மலையடியில் ஈச்சம்பழம் பொறுக்கலாம். அதற்குப் போய் எதற்கு ராத்திரி வண்டி என்று மட்டும் புரியவில்லை; பகலிலேயே நடந்து போய்விடலாமே.

அப்போதுதான் குடத்தைப் பார்த்தேன். தாத்தா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, முற்றத்தில், வெயில் விழுகிற இடத்தில் அம்மா அதை வைத்திருந்தாள். குழாயைப் பிடுங்கியிருந்தாள். ஒரு விரல் நுழைகிற ஓட்டை, நேராகத் தாத்தாவைப் பார்த்தது. சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுப்புப் புகையைத் தேய்த்து எடுத்து, ஓட்டைக்குக் கீழே என் பேர் பளிச்சென்று தெரியும்படி வைத்திருந்தாள். எனக்காகத் தேய்க்காத குடத்தை எதற்கு இப்போது தேய்த்தாள்?

தாத்தா அதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். “என்னத்தா இது?”

“நீங்க வாங்கிக் குடுத்த மொதப் பாத்திரம்” என்றாள் அம்மா. தன் தகப்பனார் முன்னால் அவள் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை. “உங்க மகன் ஓட்டை போட்டுட்டான். கட்டிக்கப்போறவனே போட்டிருக்கான். தோள்ல ஓட்டை போட்ட குடத்தை எந்த எடத்துல தூக்கிட்டுச் சுத்தி வருவாங்கன்னு நான் சொல்லணுமாய்யா?”

சுடுகாட்டில் கொள்ளி வைக்கப் போகிறவன் தோளில் சுமக்கிற குடத்தில்தான் அரிவாளால் ஓட்டை போடுவார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. பெண்பிள்ளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை.

“அது மண்குடம்ல” என்றார் அப்பா. “இதை ஈயம் வச்சு அடைச்சிரலாம்.”

“அடைச்சா நமக்குத் தெரியாது. சாமிக்குமா தெரியாது?” அம்மா குரலை உயர்த்தவில்லை. “ஊரு பூரா அந்தப் பேரைப் படிச்சாச்சு, ஓட்டையையும் பாத்தாச்சு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சே குடுத்தீங்களான்னு என்னையத்தான் கேப்பாங்க. ரெண்டைக் குடுத்தவ நானு. மூணாவதைக் குடுக்க மாட்டேன்.”

“அக்கா சொல்றது சரிதான்” என்றார் சின்ன மாமா. சகுனம், சாஸ்திரம் எதையும் நம்பாதவர் அவர். அன்று அவ்வளவு பயபக்தியாகத் தலையை ஆட்டினார்.

தட்டில் இருந்த வெற்றிலையை யாரும் எடுக்கவில்லை. தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, அந்த எடத்தைப் பத்திப் பேச்செடுத்துட்ட. இனி நான் வாயத் தெறக்கல. வாரேன்” என்று எழுந்தார். பட்டுப் பாவாடையையும் எடுத்துக்கொண்டார்.

என் ஆத்திரத்தை என்ன சொல்ல? குடத்தை அடைக்க அப்பா தயார். அடைத்தால் தாத்தாவுக்குக் கோபம் போய்விடும். கோபம் போனால் பட்டுப் பாவாடை வரும், புதுக்கோட்டைப் பயணம் வரும். எல்லாவற்றையும் தட்டி விட்டது அம்மா ஒருத்திதான். ஈயம் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வேண்டுமென்றே செய்கிறாள் என்பது மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

தாத்தா சொன்ன புதுக்கோட்டை நாகமலைப் புதுக்கோட்டை அல்ல. அது கொட்டாம்பட்டிக்கும் அந்தப் பக்கம் இருக்கிற சமஸ்தானம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அங்கே செல்லாது என்று, அந்த வருஷங்களில் பால்பல் விழுந்து முளைக்காத பெண்களைக்கூட வண்டி கட்டி அழைத்துப்போய்த் தாலி கட்டித் திரும்பினார்கள். என் சிநேகிதிக்கு அம்மாச்சி வீடு இருந்த ஊர் வேறு, என்னைக் கொண்டுபோவதற்கு இருந்த ஊர் வேறு. பூகோளத்தில் நான் வகுப்பில் முதல் மார்க்.

தாத்தாவின் வண்டி கிளம்பிவிட்டது. நான் வாசலைத் தாண்டி அதன் பின்னால் ஓடினேன். “தாத்தா, நான் வாரேன்! நானும் புதுக்கோட்டைக்கு வாரேன்! குடத்தை ஒட்டிக் குடுங்க தாத்தா, நான் வாரேன்!” என்று என் தொண்டையில் இருந்த அத்தனை சத்தத்தையும் போட்டுக் கத்தினேன். வண்டியில் தாத்தாவின் தலை திரும்புவதைப் பார்த்தேன். அதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் வாயை அடைத்தது. நான் திமிறினேன், உதைத்தேன். கடைசியில் உள்ளங்கையைக் கடித்தேன், வாயில் உப்புக் கரிக்கும் வரை. வண்டி வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கி மறையும் வரை அம்மா கையை எடுக்கவில்லை. என் குடத்தையும் கெடுத்து, ஊருக்கும் போகவிடாமல், அழுகிற வாயையும் பொத்துகிற ஒருத்தி எனக்கென்று தாயாக வந்து வாய்த்தாளே என்று அந்தக் கைக்குள்ளேயே அழுதேன்.